குரங்குகளுக்கு அன்னதானம் வேண்டாம்: பினாங்கு அன்னதானக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்னதானக் குழுப் பொறுப்பாளர்களுக்கு,

அனுமன் ஜெயந்தியன்று காலையில் பினாங்கு தாவரவியல் பூங்காவில் வானரங்களுக்கு அன்னதானம் செய்யப்போவதாக நீங்கள் போட்ட அறிவிப்பு எனக்கும் வந்தது. நான் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றுவிடாமல் அது சுற்றிவிட்டது. "குடும்பத்தோடு வாருங்கள். வாழைப்பழம், ரொட்டி, கடலை கொண்டு வாருங்கள். பிள்ளைகள் தங்கள் கையாலேயே கொடுக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியைப் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. உங்கள் பொறுப்பாளர் ஒருவருக்குப் போன் செய்தேன். "டீச்சர், புண்ணிய காரியத்தத் தடுக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். தனியாகச் சொல்லிக் கேட்காததால்தான் இப்படி எல்லோரும் படிக்க எழுதுகிறேன்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்தவரை பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது என் காலை நடை அங்கேதான். நீங்கள் குறித்திருக்கும் அந்த இடம், அங்கே வரும் குரங்குக் கூட்டம், வருகிற மனிதர் கூட்டம் எல்லாமே எனக்கு நன்றாகத் தெரியும்.

அறிவிப்பில் "உணவின்றி வாடும் வானரங்கள்" என்று போட்டிருக்கிறீர்கள். யார் சொன்னது? 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் ஒரு பழைய கருங்கல் குவாரி கிடந்த பள்ளத்தாக்கைத் திருத்தி உண்டாக்கிய தோட்டம் இது. புல்தரை முடிகிற இடத்தில் மலைக்காடு தொடங்கிவிடுகிறது. காட்டுக்கும் தோட்டத்துக்கும் குரங்கைத் தடுக்கும் வேலி எதுவும் இல்லை. அந்தக் குரங்குகளை யாரும் கொண்டுவந்து விடவில்லை, யாரும் வளர்க்கவும் இல்லை. மலையிலிருந்து இறங்கி வருகின்றன, மறுபடி ஏறிப் போகின்றன. இதை ஒரு விலங்குக் காட்சிசாலை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. கூண்டு எங்கே, டிக்கெட் எங்கே என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பினாங்குக் கொடிமலையையும் இந்தப் பூங்காவையும் சேர்த்து 12,481 ஹெக்டர் பரப்பை 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலேசியாவில் அந்தப் பெயர் பெற்ற மூன்றாவது இடம் இது. அப்படிப்பட்ட காட்டின் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே இருப்பதற்குச் சாப்பாடு இல்லை என்கிறீர்கள்.

காட்டு அத்தி காய்த்திருக்கும் நேரத்தில் ஒருநாள் வந்து பாருங்கள். மலாயில் கெரா என்கிறார்களே, அந்த நீண்டவால் குரங்கு, கிளையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பறித்துப் பறித்து வாயில் திணிக்கும். கன்னத்தின் உள்ளே அதற்கு இரண்டு பை இருக்கிறது. அவை நிரம்பி முகமே தாடை வீங்கின மாதிரி ஆகிவிடும். அப்புறம் பத்திரமான ஒரு கிளைக்குப் போய், புறங்கையால் கன்னத்தை அழுத்தி ஒவ்வொன்றாக வாய்க்குத் தள்ளித் தின்னும். பெரிய கொட்டையை அங்கேயே துப்பும். சின்ன விதைகள் வயிற்றுக்குள் போய், வேறு எங்கோ போய் விழும். அந்த மலையில் பல மரங்கள் முளைப்பது இப்படித்தான். தேடித் தின்பதுதான் அதற்கு வேலை. வாசலிலேயே ரொட்டி கிடைத்தால் அது மலை ஏறாது, காட்டுக்கு விதையும் போகாது. ராமாயணத்தில் மதுவனத்தில் புகுந்த வானரங்களுக்குக்கூட யாரும் இலை போட்டுப் பரிமாறவில்லை, தாங்களே ஏறித்தான் தின்றன. இதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, பிள்ளைகள் கையால் கொடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

போன பள்ளி விடுமுறையில் நடந்தது இது. பிரதான நிலப்பகுதியிலிருந்து வந்த ஒரு குடும்பம். ஏழெட்டு வயதுப் பையன் கையில் சிவப்பு பிளாஸ்டிக் பை, அதில் கறிபாப்பும் ரொட்டியும். பெரிய ஆண் குரங்கு ஒன்று நடைபாதைக் கம்பியில் வந்து உட்கார்ந்தது. புருவத்தை மேலே தூக்கி, வாயை வட்டமாகத் திறந்து, பையனையே உற்றுப் பார்த்தது. அப்பா போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டே, "டேய், உன்னப் பாத்து சிரிக்குதுடா" என்றார். அது சிரிப்பு இல்லை. வைத்துவிட்டுப் போ, இல்லையென்றால் அடிப்பேன் என்று அர்த்தம். நான் சத்தம் போடுவதற்குள் அது பாய்ந்துவிட்டது. பையன் பையை விடவில்லை. பாவம், குழந்தை, விடத் தோன்றவில்லை. மணிக்கட்டுக்கு மேலே கடி. மேல் பற்கள் பட்ட இடத்தில் சதை ஒரு சின்ன மடல் மாதிரி தூக்கிக்கொண்டிருந்தது. குழாயடியில் கொண்டுபோய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவினோம். அந்த அம்மா அழுத அழுகை இருக்கிறதே! பிறகு ஆஸ்பத்திரி, ஊசி, தையல்.

அந்தக் குரங்கு ஏன் பயமில்லாமல் அவ்வளவு நெருங்கியது? பிளாஸ்டிக் பை என்றால் தீனி என்று மனிதர்கள்தான் அதற்குப் பழக்கிவிட்டார்கள். குழந்தை என்றால் சுலபமாகப் பிடுங்கலாம் என்பதையும் அதுவாகக் கற்றுக்கொண்டது. பெரியவர்களைவிட உயரம் குறைந்தவர்கள் மேல்தான் அது பாய்கிறது. நீங்கள் ஒரே காலையில் பல குடும்பங்களை அழைத்து, பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, கையில் பழத்தைக் கொடுக்கப்போகிறீர்கள். யாருக்காவது கடி விழுந்தால் அந்தப் பெற்றோருக்கு உங்கள் குழு என்ன பதில் சொல்லும்?

கடி விழுந்த பிறகு நடப்பதையும் யோசித்துப் பாருங்கள். புகார் போகும். போட்டவர்கள் பேரில் போகாது, குரங்கு பேரில்தான் போகும். புகார் சேர்ந்தால் கூண்டு வரும். கூண்டுக்குப் பிறகு என்ன என்பது உங்களுக்கும் தெரியும். தீபகற்ப மலேசியாவில் தொல்லை தருகின்றன என்ற பெயரில் நீண்டவால் குரங்குகள் ஆயிரம் ஆயிரமாகக் கொல்லப்பட்டிருக்கின்றன. எங்கும் தென்படுகிற குரங்குதானே என்று நினைப்போம். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2022இல் இந்த இனத்தையே அழியும் ஆபத்தில் இருப்பவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. நீங்கள் புண்ணியம் என்று போடும் வாழைப்பழத்துக்கு அந்தக் குரங்கு பிறகு உயிரால் விலை கொடுக்கும். இது மிகைப்படுத்திச் சொல்வது அல்ல.

அன்னதானம் என்றால் எல்லோரும் சமமாக உட்கார்ந்து சாப்பிடுவது. குரங்குக் கூட்டத்தில் அது நடக்காது. மேல்நிலையில் இருக்கும் ஆணும், செல்வாக்குள்ள சில பெண்களும், அவற்றின் குட்டிகளும்தான் முதலில் எடுக்கும். கீழ்நிலையில் இருப்பது கை நீட்டினால் கடி வாங்கும். மரத்தில் சிதறிக் காய்த்திருக்கும்போது ஆளுக்கொரு கிளை என்று ஒதுங்கித் தின்றுகொள்ளலாம். தரையில் ஒரே இடத்தில் கொட்டினால் சண்டைதான். வயிற்றில் குட்டி தொங்க, காதோரம் கிழிந்து ரத்தம் வழிய ஓடிய ஒரு தாய்க் குரங்கை நான் பார்த்தேன். யாரோ ஒரு பை நிறைய மிச்ச ரொட்டியைக் கொட்டிவிட்டுக் காரில் ஏறின கொஞ்ச நேரத்தில் நடந்தது அது. போட்டவர் அதைப் பார்க்க இல்லை. சுலபமாகத் தீனி கிடைத்தால் குட்டிகளும் அதிகமாகப் பிறக்கும். அப்புறம் "குரங்கு பெருத்துப்போச்சு" என்று புகார் எழுதுவோரும் நம் மக்கள்தான்.

லோத்தோங் என்ற இன்னொரு வகைக் குரங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அறிவிப்பில் போட்டிருக்கும் படமே அதுதான். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், வாயோரமும் வெளுப்பு, உடம்பு சாம்பல் கறுப்பு. பிறந்த குட்டி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று இருக்கும், சில மாதங்களில் நிறம் மாறிவிடும். பார்க்கவே அவ்வளவு சாது. ஆனால் அது இலை தின்னும் குரங்கு. தளிர், மொட்டு, காய் இவைதான் அதற்கு உணவு. நன்றாகப் பழுத்த இனிப்புப் பழத்தைக்கூட அது அவ்வளவாகத் தேடிப் போகாது. அதன் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்தது. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் இலையை மெதுவாகப் புளிக்கவைத்துச் சத்தைப் பிரித்துக் கொடுக்கின்றன. அந்த வயிற்றுக்குள் வெள்ளை ரொட்டியும் சீனியும் போனால், மதியத்துக்குள் பொங்கிச் சட்டியை விட்டு வழியும் தோசை மாவு மாதிரி ஆகிவிடும். காற்றும் அமிலமும் சேர்ந்து வயிறு உப்பிக்கொள்ளும். முற்றினால் செத்தும் போகும். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

லோத்தோங் சாதாரணமாக மரத்தை விட்டு இறங்காது. மனிதர்களைக் கண்டால் மேலே மேலே போகும். கொஞ்ச காலமாகச் சில இடங்களில் இறங்கி வருவதைப் பார்க்கிறேன், காரணம் தீனிதான். இறங்கினால் சாலை. பூங்காவுக்கு வெளியே ஜாலான் கெபுன் புங்கா என்ற சாலையில் காரை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கிக் கடலை வீசுகிறார்கள். பின்னால் வருகிறவருக்கு அது தெரியாது. அடிபட்டுக் கிடக்கும் குரங்கை நீங்களும் பார்த்திருப்பீர்கள், பார்த்துவிட்டு "ஐயோ பாவம்" என்றிருப்பீர்கள். இதே தீவில் தெலுக் பஹாங்கில், லோத்தோங்குகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள். லங்கூர் புராஜெக்ட் பினாங் என்ற அமைப்பினர் 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிக் கட்டியது. ஒரு பக்கம் இளைஞர்கள் லோத்தோங்கைக் கீழே இறங்கவிடாமல் காப்பாற்றப் பாடுபடுகிறார்கள், நாம் வாழைப்பழத்தைக் காட்டிக் கீழே கூப்பிடுகிறோம்.

போனில் பேசியவர் சொன்ன இன்னொரு காரணம், "எங்க தாத்தா காலத்துலேருந்து போடுறோம்" என்பது. உண்மைதான், அந்தக் காலத்தில் எல்லா இனத்தாரும் போட்டார்கள். தாத்தா காலத்தில் கையோடு பிளாஸ்டிக் பை கிடையாது, கிரீம் வைத்த பன் கிடையாது, வாசல் வரை வரிசை வரிசையாகக் காரும் கிடையாது. தாத்தா காலத்தில் சுருட்டும் ஆரோக்கியம் என்றுதான் சொன்னார்கள்.

"சீனர்களும் சுற்றுப்பயணிகளும் போடுகிறார்களே, அவர்களைக் கேட்டீர்களா" என்றும் கேட்டார். கேட்டேன், கேட்டுக்கொண்டும் இருக்கிறேன். ஒரு வெள்ளைக்காரர் என்னை முறைத்துவிட்டுப் போனார், ஒரு சீனப் பாட்டி மன்னிப்புக் கேட்டுப் பையை மூடினார். ஆனால் அவர்களில் யாரும் போஸ்டர் அடித்து ஊரைக் கூப்பிடவில்லை. "ஜாங்கான் பெரி மாக்கான்" (தீனி போடாதீர்கள்) என்று பலகை வைத்திருக்கும் இடத்தில், அந்தப் பலகைக்குக் கீழேயே கூட்டமாக நின்று விதியை மீறுவதற்குத் தேதியும் நேரமும் அறிவித்திருப்பது நாம் மட்டும்தான். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பலகையைப் படித்துக் காட்டிப் பொருள் சொல்லிக்கொடுத்தவள் நான். அதே பிள்ளைகள் பெற்றோராகி வந்து அதை மீறினால் எனக்கு எப்படி இருக்கும்?

அனுமன் மீது உங்களுக்கு இருக்கும் பக்தியை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டிலும் ஜெயந்திக்கு வடைமாலை உண்டு. வடையையும் வெற்றிலையையும் வெண்ணெயையும் சந்நிதியில் சாற்றுங்கள், வந்தவர்களுக்குப் பிரசாதமாகக் கொடுங்கள். பணம் சேர்ந்திருந்தால் மனிதருக்குப் போடும் சோற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ்டவுனில் இன்னமும் ஒருவேளைச் சோற்றுக்கு வரிசையில் நிற்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். தைப்பூசத்தின்போது பந்தல்களில் நீங்கள் பரிமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். சுத்தமாகவும் மரியாதையாகவும் செய்கிறீர்கள். அந்தக் கை தெரிந்த கை. அதற்கு இந்த வேலை வேண்டாம்.

தைப்பூசம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணிமலை முருகன் கோயிலிலிருந்து பூங்கா வாசல் கூப்பிடு தூரம். திருவிழா முடிந்த மறுநாள் பந்தல்களுக்குப் பின்னால் மிஞ்சிய தயிர்சாதமும் மோர் பாக்கெட்டும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். குரங்குகள் மூட்டையைக் கிழித்து, சோறு ஒட்டிய பிளாஸ்டிக்கையும் சேர்த்து மென்று விழுங்குகின்றன. ஒரு குட்டி வாயிலிருந்து தொங்கிய நெகிழித் தாளை அதன் தாய் இழுக்க, அது வெளியே வராமல் நீண்டுகொண்டே போனதை என் கண்ணால் பார்த்தேன். குப்பை லோரி வர நேரமாகத்தான் செய்யும். மூடியுள்ள தொட்டியில் போட்டுக் கட்டிவைப்பது நம் கையில் இருக்கிறது.

என் கோரிக்கைகள் இவை. முதலில், அந்தக் காலை நிகழ்ச்சியை ரத்து செய்யுங்கள். தேதியை மாற்றுவது, இடத்தைக் கொடிமலை அடிவாரத்துக்கு மாற்றுவது, ரொட்டிக்குப் பதில் பழம் மட்டும் என்பது, இவை எதுவும் தீர்வு அல்ல. ரத்து என்று தெளிவாகவே அறிவியுங்கள், காரணத்தையும் எழுதுங்கள். மழை காரணமாக என்று போட்டுவிடாதீர்கள். மழை நின்றதும் ஜனங்கள் பழத்தோடு வந்து நிற்பார்கள்.

அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு, அந்தப் பணம் எங்கே போகிறது என்று சொல்லுங்கள். விருப்பப்பட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள், மற்றதை மனிதர்களுக்கான அன்னதானக் கணக்கில் வையுங்கள்.

வரவேண்டும் என்று ஆசைப்பட்ட பிள்ளைகளை ஏமாற்ற வேண்டாம். அதே நாள், அதே நேரம், கையில் ஒன்றும் இல்லாமல் அழைத்து வாருங்கள். நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். நாகலிங்க மரத்தில் தொடங்கி ஓடை வரைக்கும் நடக்கலாம். லோத்தோங்கின் ஆரஞ்சுக் குட்டி, கறுப்பு ராட்சத அணில், ஓடையோரம் வெயில் காயும் உடும்பு எல்லாவற்றையும் தூரத்தில் நின்று எப்படிப் பார்ப்பது என்று காட்டுகிறேன். குரங்கு முன்னால் பல்லைக் காட்டக்கூடாது, கண்ணுக்குக் கண் பார்க்கக்கூடாது, ஓடக்கூடாது, சாப்பாட்டைப் பைக்குள் மூடி வைக்க வேண்டும். இவ்வளவு தெரிந்தாலே கடி வாங்காமல் வீட்டுக்குப் போகலாம். சாப்பாட்டைப் பூங்காவுக்கு வெளியே, நடை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தைப்பூசத்துக்கு முன்பே பந்தல் போடும் மற்றக் குழுக்களையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடத்துங்கள். மிச்சச் சோற்றைத் திறந்த மூட்டையில் விடக்கூடாது, ஒவ்வொரு பந்தலுக்கும் மூடியுள்ள தொட்டி, கடைசி ஆள் கிளம்புமுன் சுற்றுப்புறம் துப்புரவு என்று முடிவெடுங்கள். துப்புரவுக்கு ஆள் வேண்டுமென்றால் என்னோடு காலை நடைக்கு வருகிறவர்கள் தயாராக இருக்கிறோம்.

இந்த வார முடிவுக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். அறிவிப்பு எந்தெந்த வாட்ஸ்அப் குழுக்களில் போனதோ, பதிலையும் அந்தக் குழுக்களிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
தண்ணிமலைப் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை